முதல் வகுப்புக்கு ஓர் எலுமிச்சம்பழம்

கேள்வி: ஐயா, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஜிக்ஸ், ஃபிக்ஸர் (எந்திரத்தில் வேலை நடக்கும்போது பொருளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் சாதனங்கள்) டிசைன் பிரிவில் 17 வருடமாக வேலை பார்க்கிறேன். படிப்பு பி.இ. மெக்கானிக்கலோடு சரி. அருகில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு 'பொறியியல் வடிவமைப்பு அறிமுகம்' என்ற பாடத்தை வாரத்தில் இரண்டு மதியம் வந்து நடத்த முடியுமா என்று கேட்கிறார்கள். ஒரு வகுப்பில் 60 பேர். சிலபஸ் ஒன்றரைப் பக்கம். அதில் பாதி வார்த்தைகளை வேலையில் நான் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. எனக்குத் தெரிந்தது வேலை மட்டும்தான், அதைப் பாடமாக எப்படிச் சொல்வது? மார்க் எதை வைத்துப் போடுவது? வீட்டில் "அந்தக் காசுக்கு இந்த அலைச்சல் தேவையா" என்கிறார்கள். ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. ஒத்துக்கொள்ளலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஓசூர்

பதில்: ஒத்துக்கொள்ளுங்கள். பணத்தைப் பொறுத்தவரை வீட்டில் சொல்வது சரிதான், அதில் வாதாட ஒன்றுமில்லை. மணிக்கு இவ்வளவு என்று அவர்கள் தருவதை, வகுப்புக்கு முன்னும் பின்னும் நீங்கள் செலவழிக்கப்போகும் நேரத்துக்கும் சேர்த்து வகுத்துப் பார்த்தால் பெட்ரோல் காசு தேறும். முதல் வருடம் இரண்டு மணி நேர வகுப்புக்கு நான் நான்கு மணி நேரம் தயார் செய்தேன். இரண்டாம் வருடம் அது ஒரு மணி நேரமாகக் குறைந்தது. அதனால் ஒரு வருடம் மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று இறங்கினால் உங்களுக்கு நஷ்டம். மூன்று வருடமாவது எடுப்பேன் என்று முடிவு செய்துகொண்டு போங்கள்.

நான் கோயம்புத்தூரில் பம்ப் டிசைனில் 26 வருடம் இருந்தவன். அதில் கடைசி ஒன்பது வருடம் வெள்ளிக்கிழமை மதியங்களில் ஒரு கல்லூரியில் நீங்கள் சொல்லும் இதே பாடத்தை எடுத்தேன். என் முதல் வகுப்பு எப்படிப் போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 70 ஸ்லைடு தயார் செய்துகொண்டு போனேன். தேவையை அறிதல், வரையறுத்தல், யோசனைகளைத் திரட்டுதல், ஒன்றைத் தேர்ந்தெடுத்தல், விவரமாக வரைதல் என்று அம்புக்குறி போட்ட வட்டங்கள். 60 பேரும் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டார்கள். பரவாயில்லையே, நமக்கும் வாத்தியார் வேலை வருகிறதே என்று எனக்குள் ஒரு பெருமை. முடியும்போது மூன்றாவது பெஞ்சுப் பையன் எழுந்து கேட்டான்: "சார், இந்த ஸ்டெப் எல்லாம் இதே ஆர்டர்லதான் எழுதணுமா? மாத்தி எழுதினா மார்க் போயிடுமா?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. நான் நடத்தியது ஒரு கட்டுரைக் கேள்விக்கான விடை. டிசைன் என்று சொல்லத்தக்க ஒன்றும் அந்த இரண்டு மணி நேரத்தில் நடக்கவில்லை.

இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிளஸ் டூ வரை 'புக் பேக்' கேள்விகள், ஒரு மார்க்குக்கு நான்கில் ஒன்று, ஐந்து மார்க்குக்குப் புத்தகத்தில் உள்ள அதே வரிகள். அப்படிப் படித்ததால்தான் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 12 அணிக்கு ஒரே வேலையைக் கொடுத்து 12 விதமாகச் செய்துகொண்டு வந்தால், பன்னிரண்டும் சரியாக இருக்கலாம், பன்னிரண்டும் சொதப்பலாகவும் இருக்கலாம் என்கிற மாதிரி ஒரு பாடத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. அதனால் முதல் மூன்று வாரம் எல்லாருடைய கண்ணும் உங்கள் முகத்தின் மேலேயே இருக்கும். நீங்கள் புருவத்தை உயர்த்தினால் போதும், டிசைனை மாற்றிவிடுவார்கள். 17 வருட அனுபவத்தில் உங்களுக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும், இது கவிழும், அது ஒடியும் என்று. வாய் துறுதுறுவென்று வரும். சொல்லாதீர்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இது ஒன்றுதான், ஒன்பதாவது வருடத்திலும் முழுசாக வந்தபாடில்லை. அது விழட்டும். ஆனால் அந்த வகுப்பு முடிவதற்குள் விழுகிற மாதிரி வேலையைக் கொடுங்கள். செமஸ்டர் கடைசியில் விழுந்தால் அவர்களுக்குக் கிடைப்பது அவமானம் மட்டும்தான். முதல் மணி நேரத்தில் விழுந்தால் எழுப்பி நிறுத்த நேரம் இருக்கிறது.

அதற்கு நான் கண்ட வழி எலுமிச்சம்பழம். பீட்டர் ஸ்கில்மேன் என்ற வடிவமைப்பாளர் தொடங்கி, டாம் வூஜெக் 2010-ல் ஒரு மேடைப் பேச்சில் உலகத்துக்கெல்லாம் சொல்லிப் பிரபலமாக்கிய ஒரு விளையாட்டு இருக்கிறது. 20 ஸ்பகெட்டி குச்சி, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய். 18 நிமிடத்தில் தானாக நிற்கும் கோபுரம் கட்ட வேண்டும், உச்சியில் மிட்டாய் இருக்க வேண்டும். நம் ஊரில் எதற்கு ஸ்பகெட்டி? ஒரு தென்னந்துடைப்பம் வாங்கினால் வகுப்பு முழுக்க ஈர்க்குச்சி. மிட்டாய்க்குப் பதில் எலுமிச்சம்பழம், சின்னதாகப் பார்த்து வாங்குங்கள். அது மார்ஷ்மெல்லோவைவிடப் பல மடங்கு கனம் என்பதால் கோபுரம் அவ்வளவு உயரம் போகாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது, எலுமிச்சை விழும்போது வரும் சத்தம் மார்ஷ்மெல்லோவுக்கு வராது.

என்ன நடக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். ஐந்து நிமிடம் பேசுவார்கள். யாராவது ஒருவர் நோட்டில் ஈஃபிள் கோபுரம் வரைவார். பத்து நிமிடம் கட்டுவார்கள். பதினேழாவது நிமிடத்தில் ஒருவர் பழத்தை எடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வைப்பார். மொத்தமும் சாயும். 12 அணியில் என் வகுப்பில் இரண்டோ மூன்றோதான் நிற்கும். வூஜெக் தன் அனுபவத்தில் பார்த்தது, பிசினஸ் ஸ்கூல் பட்டதாரிகளைவிட மழலையர் பள்ளிக் குழந்தைகள் நன்றாகச் செய்கிறார்கள் என்பது. குழந்தை முதல் குச்சியிலேயே மிட்டாயைக் குத்திப் பார்க்கிறது. விழுகிறது, இன்னொரு குச்சி வைக்கிறது. பெரியவர்கள் பழத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார்கள், பழம்தான் கனம் என்பது கடைசியில்தான் தெரிகிறது.

இதை வகுப்பில் விளக்க ஆரம்பிக்காதீர்கள். "சரி, குச்சியெல்லாம் பிரிங்க, இன்னொரு 18 நிமிஷம்" என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டாவது தடவை எல்லா மேசையிலும் பழம் மூன்றாவது நிமிடத்தில் மேலே ஏறியிருக்கும். நான் 70 ஸ்லைடில் சொல்ல முயன்றது அவ்வளவுதான்.

அடுத்து, "எனக்குத் தெரிந்தது வேலை மட்டும்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'மட்டும்' எதற்கு? ஃபிக்ஸர் டிசைன் செய்பவருக்கு 3-2-1 தெரியாமல் இருக்காது. கீழே மூன்று புள்ளி, பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று. ஆறு புள்ளியில் ஒரு பொருளின் ஆறு வித அசைவும் நின்றுவிடும். இதை வகுப்பில் காட்ட ஒரு தெர்மோகோல் அட்டையும் குண்டூசிகளும் ஒரு ஜாமெட்ரி பாக்ஸும் போதும். பாக்ஸை அட்டை மேல் வைத்து, அது நகராமல் இருக்கக் குறைந்தபட்சம் எத்தனை ஊசி வேண்டும் என்று கேளுங்கள். பத்து என்பார்கள், எட்டு என்பார்கள். கீழ் மூன்று புள்ளியின் வேலையை அட்டையே செய்துவிடுகிறது. பக்கத்தில் இரண்டும் முனையில் ஒன்றும் குத்தி, பாக்ஸை அவற்றின் மேல் ஒரு விரலால் சாய்த்துப் பிடிக்கச் சொன்னால் முகம் மாறும். அப்புறம் கேளுங்கள்: முக்காலி எந்தத் தரையிலும் ஆடுவதில்லை, நாற்காலி ஏன் ஆடுகிறது? பெயரிலேயே காலை எண்ணி வைத்த மொழி நம்முடையது. மூன்று புள்ளி ஒரு தளத்தைத் தீர்மானித்துவிடுகிறது, நான்காவது கால் தனக்கும் இடம் கேட்டு அடம்பிடிக்கிறது. அப்படியானால் நாற்காலிக்கு ஏன் நான்கு கால்? அதற்கு அவர்களே பதில் சொல்லட்டும். ஒரு மணி நேரம் ஓடும். சிலபஸில் உள்ள 'கட்டுப்பாடுகள்' என்ற வார்த்தைக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் ஊரில் பிறந்தது என்பதால் நான் எடுத்துப்போவது வெட் கிரைண்டர். 1950களின் நடுவில் கோயம்புத்தூரில் பி. சபாபதி தொடங்கிவைத்த சரக்கு, இன்று புவிசார் குறியீடே இருக்கிறது. பழைய டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி, ஐந்து பேருக்கு ஒரு ஸ்குரூ டிரைவர் கொடுத்துக் கழற்ற விடுவேன். கழற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. ஆட்டுக்கல்லில் கல் அசையாமல் இருக்கிறது, குழவி சுற்றுகிறது. கிரைண்டரில் பாத்திரம் சுற்றுகிறது, குழவிக்கல் தன் இடத்திலேயே உருள்கிறது. ஏன் இப்படித் திருப்பிப் போட்டார்கள்?

மோட்டார் கீழே இருக்கிறது என்பார்கள். சரி, அதுவும் ஒரு காரணம். இன்னும் யோசியுங்கள் என்று விட்டுவிடுவேன். ஒரு வருடம் ஒரு பெண், பொள்ளாச்சிப் பக்கம், எழுந்து சொன்னாள்: "சார், எங்க அம்மாச்சி ஆட்டும்போது வலது கை குழவியச் சுத்தும், இடது கை மாவத் தள்ளிவிடும். இதுல தள்ளிவிடறது யாரு?" நான் ஒன்றும் பேசவில்லை. அவளே போய்ப் பாத்திரத்துக்குள் கையை விட்டு, ஓரத்தில் அசையாமல் நிற்கிற பிளாஸ்டிக் மாவுத்தள்ளியைத் தொட்டுக் காட்டினாள். பாத்திரம் சுற்றுவதால் மாவு தானாகவே தள்ளியிடம் வருகிறது. அம்மாச்சியின் இடது கை அந்தத் துண்டு பிளாஸ்டிக். அதற்குத் தனி மோட்டார் வேண்டாம், தனி அசைவு வேண்டாம். வகுப்பே ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. 'செயல்பாட்டுப் பகுப்பாய்வு' என்று சிலபஸில் இருக்குமே, அன்றைக்கு அது முடிந்தது. பாத்திரத்தையே சாய்த்து மாவை எடுக்கும் டில்டிங் கிரைண்டர் ஏன் வந்தது என்று அடுத்துக் கேட்டபோது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஈரக் கல்லைத் தூக்கி மாவு வழித்த வீட்டுப் பிள்ளைகள்தானே.

நீங்கள் எடுத்துப்போக வேண்டியது உங்கள் துறையில் இதற்குச் சமமான ஒன்று. பொருளை அதன் இடத்தில் நிறுத்துகிற லொகேட்டர் பின் தேய்ந்துபோனது, இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் வளைந்தது, கம்பெனி ஸ்கிராப்பில் போட்டது எதுவாக இருந்தாலும் கேட்டு வாங்கி வையுங்கள். வாடிக்கையாளரின் டிராயிங் மட்டும் ஒரு வரிகூட வெளியே போகக்கூடாது, அது உங்களுக்கே தெரியும்.

முக்கியமாக, உங்கள் தப்பை எடுத்துப்போங்கள். என் தப்பு ஒரு எம்8 (எட்டு மில்லிமீட்டர்) போல்ட். பம்ப் அடித்தாங்கியில் நான்கு போல்ட், அதில் ஒன்றை வார்ப்பின் சுவரிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர் தள்ளி வைத்து வரைந்திருந்தேன். டிராயிங்கில் அழகாக உட்கார்ந்தது. எம்8 போல்ட் தலைக்கு 13-ம் நம்பர் ஸ்பேனர். தலை உட்கார இடம் இருந்தது, ஸ்பேனரின் வாய் சுற்ற இடம் இல்லை. 40 வார்ப்பு ஊற்றி வந்த பிறகு அசெம்பிளியில் இருந்த வயதான ஃபிட்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, நாலாவது போல்ட்ட மட்டும் நீயே முறுக்கிக் குடுத்துட்டுப் போ" என்றார். கடைசியில், தலைக் குழியில் சாவி விட்டு முறுக்குகிற ஆலன் போல்ட் போட்டு மேலிருந்து முறுக்கித் தப்பித்தோம். அந்தத் தாங்கியில் ஒன்றை இன்றும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் ஒரு போல்ட்டும் ஸ்பேனரும் கொடுத்து முறுக்கச் சொல்வேன். ஒரு பையன் முக்கிமுக்கிப் பார்த்துவிட்டு "இத டிசைன் பண்ணவன் யாரு சார்?" என்பான். நான்தான் என்பேன். அதற்கப்புறம் தங்கள் மாடல் விழுந்ததை மறைக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

தப்புகளில் சிரிக்க முடியாதவையும் உண்டு. அதற்கு ஒரு வகுப்பை ஒதுக்குங்கள். நான் எடுப்பது கேன்சஸ் சிட்டி. 1981 ஜூலை 17-ம் தேதி, அமெரிக்காவில் அந்த ஊரின் ஹயாட் ரீஜென்சி ஹோட்டல் முன்கூடத்தில் நடன நிகழ்ச்சிக்காகக் கூட்டம் நிறைந்திருந்தது. அந்தக் கூடத்தின் கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் நடைபாலங்கள் தொங்கின. நான்காம் மாடி உயரத்தில் ஒன்று, அதற்கு நேர் கீழே இரண்டாம் மாடி உயரத்தில் ஒன்று. இரண்டும் அறுந்து விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். முதல் டிசைனில் கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி, இரண்டு பாலத்தையும் ஊடுருவி வரும். ஒவ்வொரு பாலத்தையும் அதனதன் நட்டு தாங்கும். அவ்வளவு நீளக் கம்பியில் நடுவரை மரை வெட்டுவது தொல்லை என்று, அதை இரண்டு கம்பியாக மாற்றினார்கள். மேல் பாலம் கூரையிலிருந்து, கீழ்ப் பாலம் மேல் பாலத்திலிருந்து. பார்க்க ஒரே மாதிரிதான். ஆனால் மேல் பாலத்தின் நட்டு இப்போது இரண்டு பாலத்தையும் சுமக்கிறது. யாரும் மறுபடி கணக்குப் போடவில்லை, ஒப்புதல் கையெழுத்து விழுந்தது. அந்தப் பொறியாளர்கள் பிற்பாடு உரிமத்தை இழந்தார்கள். விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது: முதல் டிசைனே விதிமுறை கேட்ட பலத்துக்குக் குறைவாகத்தான் இருந்தது.

இதைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள். செய்து காட்டுங்கள். ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு நூல், அதில் துணி கிளிப் இரண்டு, ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். நிற்கும். இப்போது கீழ் பாட்டிலை அவிழ்த்து, மேல் கிளிப்பிலிருந்து தனி நூலில் கட்டுங்கள். கிளிப் வழுக்கிக்கொண்டு இறங்கும். வீட்டில் முதலில் ஒத்திகை பாருங்கள், கிளிப்புக்கு கிளிப் பிடி வித்தியாசப்படும். தண்ணீரைக் கூட்டிக் குறைத்தால் சரியான அளவு கிடைத்துவிடும். நானும் முதல் தடவை ஒத்திகை பார்க்காமல் போய், இரண்டு விதத்திலும் கிளிப் அசையாமல் நின்று, மாணவர்கள் முன்னால் முழித்திருக்கிறேன்.

புராஜெக்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சும்மா விட்டால் விவசாயிகளுக்கு ட்ரோன், நகரத்துக்கே குப்பை மேலாண்மை, ஸ்மார்ட் ஹெல்மெட் என்று வருவார்கள். மூன்றும் வேண்டாம். கல்லூரி வளாகத்துக்குள், பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு ஆளின் தொல்லையாக இருக்க வேண்டும் என்பது என் விதி. வாட்ச்மேன் அண்ணன், கேன்டீன் அக்கா, நூலகத்தில் பை வைக்கும் இடம். எங்கள் ஹாஸ்டலில் 20 லிட்டர் தண்ணீர் கேனைச் சாய்த்து ஊற்ற ஒரு தாங்கி செய்கிறோம் என்று ஓர் அணி வந்தது. நிரம்பிய கேனை வைத்துச் சமநிலை பார்த்து, விரலால் தொட்டாலே சாய்கிற மாதிரி, பிரமாதமாகச் செய்தார்கள். டெமோ அன்றைக்கு யாரோ பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டிருந்தார்கள். சாய்த்ததும் தண்ணீர் முழுக்க வாய்ப் பக்கம் ஓடி, கேன் திரும்பி நிமிராமல் தலைகுப்புற நின்றது. தரையெல்லாம் தண்ணீர். நான் துடைப்பம் எடுக்கப் போய்த் திரும்பி வருவதற்குள், அந்த அணியில் ஒருவன் ஈரத் தரையில் உட்கார்ந்தபடியே கால் கேன், அரை கேன், முக்கால் கேனுக்கு எடை எங்கே இருக்கும் என்று படம் போட்டுக்கொண்டிருந்தான். அந்த அணிக்கு அந்த வருடத்தின் உயர்ந்த மார்க் கொடுத்தேன். ஒழுங்காக வேலை செய்த மாடல் வைத்திருந்த இரண்டு அணிகள் சண்டைக்கு வந்தன.

அந்தச் சண்டை உங்களுக்கும் வரும் என்பதால் மார்க் பற்றி முதல் வாரமே சுவரில் ஒட்டிவிடுங்கள். என் கணக்கு இது: நூற்றுக்கு 40 நோட்டுக்கு. தைத்த நோட்டு, தேதி போட்டது, பேனாவில் வரைந்தது, தாள் கிழிக்கக்கூடாது, அடித்ததை அழிக்கக்கூடாது. 30 முதல் மாடலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் என்ன மாறியது, ஏன் மாறியது என்பதற்கு. முதல் மாடல் எவ்வளவு மோசமோ அவ்வளவு நல்லது, ஏற இடம் இருக்கிறது. 20 கடைசி டெமோவுக்கு. மீதி 10 அணியில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் ரகசியமாகப் போடும் மார்க். ஐந்து பேர் அணியில் ஒருவன் கடைசி பெஞ்சில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியாமல் போகலாம், மற்ற நால்வருக்கும் தெரியும். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) அணிக்கு எட்டு நிமிடம் வைத்தால் 12 அணிக்கு 96 நிமிடம், இரண்டு மணி நேரத்தில் அடங்கும். பத்து நிமிடம் என்றால் ஓர் அணி போய் இன்னொன்று வரும் நேரத்துக்கு இடமிருக்காது, பார்த்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் முடிவில் ரெண்டு மார்க், பதிமூணு மார்க் என்று எழுத்துத் தேர்வு வைத்துத்தான் தீருவார்கள் என்றால் சண்டை போடாதீர்கள். கடைசி இரண்டு வகுப்பை அதற்கு ஒதுக்கி, வார்த்தைகளை நோட்டில் ஏற்கனவே செய்ததோடு பொருத்திக் காட்டிவிடுங்கள்.

டிராயிங்கைக் கையால் தொடங்குங்கள், கம்ப்யூட்டர் பின்னால் வரட்டும். மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் வகுப்பில் கால்வாசியாவது இருப்பார்கள், ஆங்கிலத்தில் யோசனையைச் சொல்லத் தயங்கி நல்ல யோசனையை முழுங்கிவிடுவார்கள். தமிழில் பேச விடுங்கள்.

இனி வேலை தொடர்பான விஷயங்கள். முதலில் உங்கள் கம்பெனியில் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்குங்கள். பெரும்பாலான நியமனக் கடிதங்களில் வெளிவேலை கூடாது என்று ஒரு வரி இருக்கும், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். இரண்டு மதியத்தை ஒரே மதியமாகச் சேர்த்து மூன்று, நான்கு மணி நேரத் தொடர் வகுப்பாகத் தர முடியுமா என்று கேளுங்கள். அலைச்சல் பாதியாகும். அதோடு, கட்டி உடைத்துத் திரும்பக் கட்டுகிற பாடத்துக்கு 50 நிமிடப் பீரியடு எதற்கும் ஆகாது. பொருள் வாங்க எவ்வளவு தருவார்கள் என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டு மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை, முதல் வருட ஃபெவிகால் எல்லாம் என் காசு.

பி.எச்டி இல்லை, எம்.இ. இல்லை என்ற கூச்சத்தை விட்டுவிடுங்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-ல் 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று ஒரு வழிமுறை கொண்டுவந்தது. தொழிலில் குறைந்தது 15 வருட அனுபவம் உள்ளவரை, பட்டத்தைக் கட்டாயமாக்காமல் எடுத்துக்கொள்ளலாம், பொதுவாக மூன்று வருடம், மிஞ்சிப்போனால் நான்கு. உங்களுக்கு 17 இருக்கிறது. பொதுவாக மூத்த பொறுப்பில் இருப்பவர்களைத்தான் பார்க்கிறார்கள், உங்களைக் கூப்பிட்ட பல்கலைக்கழகம் அந்த வழியில் எடுக்கிறதா, சாதாரணப் பகுதி நேர ஆசிரியராகவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகை எதுவானாலும் வகுப்பு ஒன்றுதான்.

ஆனால் அங்கே முழுநேரமாக இருக்கும் ஆசிரியர்கள் முன்னால் "இண்டஸ்ட்ரியில இப்படியெல்லாம் கிடையாது" என்ற வாக்கியத்தை எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். கோர்ஸ் ஃபைல், வருகைப் பதிவு, அங்கீகாரக் குழுவுக்கான பட்டியல் என்று நீங்கள் பார்க்காத வேலை ஒரு மலை அவர்கள் தலையில் இருக்கிறது. உங்கள் பாடத்துக்கானதையும் பாதி அவர்கள்தான் செய்து தரப்போகிறார்கள். அதைவிட முக்கியமானவர் வொர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். முதல் நாளே போய்ப் பார்த்து, அண்ணே என்று கூப்பிட்டு, இந்தப் பிள்ளைகள் என்னென்ன கேட்டு வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் மனது வைத்தால் ஐந்து மணிக்கு மேலும் கதவு திறந்திருக்கும்.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், மற்றதெல்லாம் தொழிற்சாலையில் இருப்பவர் என்பதால் உங்களுக்கே கைவந்தது. கல்லூரியில் எல்லார் கழுத்திலும் அடையாள அட்டைக் கயிறு தொங்கும், கழற்றினால் அபராதம் என்று பயந்து டிரில்லிங் மெஷின் முன்னாலும் அப்படியே குனிவார்கள். கதவருகே ஒரு ஆணி அடித்து, உள்ளே வரும்போது அட்டையை அதில் மாட்டச் சொல்லுங்கள். துப்பட்டாவுக்கும் அதே ஆணி. துறைத் தலைவரிடம் முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் உங்களுக்கும் விதிக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்கள்.

முதல் வகுப்புக்குப் போகும்போது எலுமிச்சம்பழம் 15 வாங்குங்கள். அணி 12-தான், ஆனால் மூன்று பழமாவது உருண்டு பெஞ்சுக்கடியில் போய்விடும். கத்தரிக்கோல் கல்லூரியில் இருக்கிறது என்று சொல்வார்கள். நம்பாமல் ஆறு எடுத்துப்போங்கள்.